கோயில் படத்தை கூகுள்ல இருந்து எடுத்துப் போடலாமா? காப்புரிமைச் சட்டம் என்ன சொல்லுது?

காஞ்சிபுரத்தில் இருந்து உத்திரமேரூர் போகும் சாலையில், சேயாற்றின் கரையில் இருக்கிறது மாகறல். திருஞானசம்பந்தர் பதிகம் பெற்ற தலம். உடும்பின் வால் போன்ற வடிவில் இருக்கும் லிங்கத்தைப் பார்க்கவே வெளியூர்களில் இருந்து ஆட்கள் வருகிறார்கள். இந்த ஊர் பெயரை கூகுளில் தட்டினால் கோபுரம், தெப்பக்குளம், விமானம் என வரிசையாகப் படங்கள் வந்து நிற்கும். கூடவே தல வரலாறு சொல்லும் கட்டுரைகளும் வரும். யூடியூபில் ஆன்மிக சேனல் நடத்துபவருக்கோ, ஃபேஸ்புக்கில் ஊர் பக்கம் நடத்துபவருக்கோ அடுத்த வேலை சுலபம். படத்தை சேவ் செய்ய வேண்டியது, கட்டுரையை காப்பி செய்ய வேண்டியது, கீழே 'நன்றி: இணையம்' என்று போட வேண்டியது. அவ்ளோதான்.

அந்த 'நன்றி: இணையம்' என்ற வரிக்கு சட்டத்தில் எந்த மதிப்பும் கிடையாது. 'படம்: கூகுள்' என்று போடுவது இன்னும் வேடிக்கை. கூகுள் கேமராவைத் தூக்கிக்கொண்டு மாகறலுக்கு வந்து படம் எடுக்கவில்லை. யாரோ ஒருவர் வெயிலில் நின்று எடுத்த படத்தை கூகுள் தேடிக் காட்டுகிறது. உரிமை அந்த யாரோ ஒருவருக்குத்தான்.

சின்னதாக ஒரு சொல் விளக்கம். பேச்சிலும் செய்தியிலும் 'காப்புரிமை' என்றே சொல்கிறோம். புதிய கண்டுபிடிப்புகளுக்கு வாங்கும் பேடன்ட்டுக்கும் அதே சொல்லைப் பயன்படுத்துவதால் குழப்பம் வருகிறது. எழுத்து, படம், பாட்டு, சினிமா ஆகியவற்றுக்கான உரிமையைப் 'பதிப்புரிமை' என்று சொல்வதுதான் துல்லியம். இந்தியாவில் இதற்கான சட்டம் 1957-ல் வந்தது. 2012-ல் பெரிய அளவில் திருத்தப்பட்டது.

3 நொடி, 10 கோடி

இந்த விவகாரத்தை தமிழ்நாட்டில் டீக்கடை வரைக்கும் கொண்டுபோனது 2024 நவம்பரில் வெடித்த நயன்தாரா - தனுஷ் மோதல். நயன்தாரா பற்றிய நெட்ஃபிளிக்ஸ் ஆவணப்படத்தின் டிரெய்லரில் 'நானும் ரௌடிதான்' படப்பிடிப்புத் தளக் காட்சி வெறும் 3 நொடிகள் வந்தது. அந்தப் படத்தைத் தயாரித்தது தனுஷின் வுண்டர்பார் நிறுவனம். 10 கோடி ரூபாய் கேட்டு நோட்டீஸ் போனது. நவம்பர் 16-ம் தேதி நயன்தாரா வெளிப்படையாகக் கடிதம் எழுதினார். அந்தக் காட்சிகள் தனிப்பட்ட செல்போன்களில் எடுக்கப்பட்டவை, ஏற்கெனவே சமூக வலைதளங்களில் இருப்பவை என்பது அவர் வாதம். வுண்டர்பார் தரப்பு சென்னை உயர் நீதிமன்றத்துக்குப் போனது. வழக்கை ஆரம்பத்திலேயே நிராகரிக்கக் கேட்ட நெட்ஃபிளிக்ஸ் தரப்பு மனு 2025 ஜனவரியில் தள்ளுபடி ஆனது.

இதில் யார் பக்கம் நியாயம் என்று ரசிகர்கள் அடித்துக்கொண்டார்கள். சாதாரண ஆட்கள் கவனிக்க வேண்டியது வேறு. '10 நொடிக்குள்ள இருந்தா பிரச்னை இல்ல', 'ஏற்கெனவே நெட்ல இருக்கு, யார் வேணா எடுக்கலாம்' என்ற இரண்டு நம்பிக்கைகள் பல வருடங்களாக சுற்றி வருகின்றன. இத்தனை நொடி, இத்தனை வரி, இத்தனை சதவீதம் வரை எடுத்துக்கொள்ளலாம் என்று இந்தியச் சட்டத்தில் எங்கேயுமே எழுதப்படவில்லை. இணையத்தில் எல்லோரும் பார்க்கும்படி இருப்பதாலேயே ஒரு படம் பொதுச் சொத்தாகவும் ஆகிவிடாது. தெருவில் நிற்கும் பைக்கை எல்லோரும் பார்க்கலாம், ஆனா ஓட்டிக்கொண்டு போக முடியாதில்லையா?

படம் யாருக்குச் சொந்தம்?

பொதுவான விதி, படத்தை எடுத்தவரே அதன் ஆசிரியர். ஷட்டரை அழுத்திய நொடியிலேயே உரிமை பிறந்துவிடும். எங்கேயும் பதிவு செய்ய வேண்டியதில்லை, படத்தின் மேல் வட்டத்துக்குள் சி போட வேண்டியதும் இல்லை. விரும்பினால் மத்திய அரசின் பதிப்புரிமை அலுவலகத்தில் 500 ரூபாய் கட்டிப் பதிவு செய்யலாம். கோர்ட்டில் ஆதாரமாக உதவும். பதிவு செய்யாததால் உரிமை போய்விடாது.

விதிவிலக்கு இருக்கிறது, அது பலருக்கும் தெரியாது. பணம் கொடுத்து ஒருவரை அழைத்துப் படம் எடுக்கச் சொன்னால், வேறு ஒப்பந்தம் இல்லாத பட்சத்தில், பணம் கொடுத்தவர்தான் முதல் உரிமையாளர். கல்யாண போட்டோ இதற்கு நேரடி உதாரணம். கல்யாண வீட்டார் படத்தை ஸ்டூடியோக்காரர் தன் விளம்பரத்தில் போட வேண்டுமென்றால், அவர்தான் அனுமதி கேட்க வேண்டும். சம்பளத்துக்கு வேலை பார்க்கும் போட்டோகிராபர் வேலையின் பகுதியாக எடுத்த படம் பொதுவாக நிறுவனத்துக்குப் போகும்.

இந்த உரிமை எத்தனை நாள்? எடுத்தவர் வாழ்நாள் முழுக்க, அவர் இறந்த பிறகு 60 ஆண்டுகள். 2012 திருத்தத்துக்கு முன் புகைப்படங்களுக்கு மட்டும் கணக்கு வேறாக இருந்தது. வெளியான தேதியில் இருந்து 60 ஆண்டுகள்தான். இப்போது கதை, கட்டுரைக்கு உள்ள அதே காலம் படத்துக்கும் உண்டு.

சரி, கோயிலே பல நூறு ஆண்டுகள் பழசு, அதன் படத்துக்கு எப்படி உரிமை வரும் என்ற கேள்வி எழும். கோயிலுக்கோ சிற்பத்துக்கோ யாரும் பதிப்புரிமை கோர முடியாது. புதிதாகக் கட்டிய கட்டடமாகவே இருந்தாலும், மக்கள் வந்துபோகும் இடத்தில் நிரந்தரமாக நிற்கும் சிலையாக இருந்தாலும் அதைப் படம் எடுப்பது மீறல் ஆகாது என்று சட்டத்தின் 52-வது பிரிவு சொல்கிறது. ஆக, மாகறல் கோபுரத்தை நீங்களும் எடுக்கலாம், பக்கத்து வீட்டுக்காரரும் எடுக்கலாம். நீங்கள் எடுத்தது உங்களுக்கு, அவர் எடுத்தது அவருக்கு. அவர் எடுத்த அந்தக் குறிப்பிட்ட படத்தை நீங்கள் தூக்கக்கூடாது என்பதுதான் விஷயம்.

கோயிலுக்குள் செல்போன் கொண்டுபோகலாமா என்பது இதில் சேராத தனி விவகாரம். தமிழகக் கோயில்களில் செல்போனுக்குத் தடை விதிக்க வேண்டும் என்று உயர் நீதிமன்ற மதுரைக் கிளை 2022 டிசம்பரில் உத்தரவிட்டது. கருவறையைத் திருட்டுத்தனமாக எடுத்த படத்துக்கும் 'எடுத்தவருக்கு உரிமை' வரலாம். அதற்காகக் கோயில் விதியை மீறியது இல்லை என்று ஆகிவிடாது.

தேவாரத்துக்கு உரிமை யாரிடம்?

யாரிடமும் இல்லை. சம்பந்தர் காலம் 7-ம் நூற்றாண்டு. மாகறல் பதிகத்தை அப்படியே பதிவிடலாம், அச்சிட்டு விற்கவும் செய்யலாம். ஆனா அந்தப் பதிகத்துக்கு இன்றைக்கு ஒரு பேராசிரியர் எழுதிய உரை அவருடையது. ஓதுவார் பாடிய ஒலிப்பதிவுக்குத் தனியாக உரிமை உண்டு. வெளியிட்ட நிறுவனத்துக்கு 60 ஆண்டுகள். கோயில் வீடியோவுக்குப் பின்னணியில் தேவாரம் ஓடவிடுபவர்களுக்கு யூடியூபில் 'காப்பிரைட் கிளெய்ம்' வருவதற்கு இதுதான் காரணம். பாட்டு பொதுச்சொத்து, குரல் பொதுச்சொத்து இல்லை.

எழுத்து மக்கள் சொத்தாக மாறுவதில் தமிழ்நாட்டுக்குத் தனி வரலாறே உண்டு. பாரதியார் பாடல்களின் ஒலிபரப்பு உரிமை கைமாறிப் போய் ஏவி. மெய்யப்பனிடம் இருந்தது. 1948-ல் வந்த 'பில்ஹணன்' படத்தில் பாரதி பாடலைப் பயன்படுத்தியதை ஒட்டி டி.கே.எஸ். சகோதரர்களுக்கும் அவருக்கும் தகராறு வந்தது. பாரதி பாடல் ஒருவர் சொத்தாக இருக்கலாமா என்ற குரல் வலுத்தது. மெய்யப்பன் பணம் எதுவும் வாங்காமல் உரிமையை விட்டுக்கொடுக்க, 1949-ல் ஓமந்தூர் ராமசாமி ரெட்டியார் அரசு பாரதி படைப்புகளின் உரிமையைப் பெற்றது. 1955-ல் அவை மக்களுக்குப் பொதுவாக்கப்பட்டன. இப்போதும் தமிழக அரசு எழுத்தாளர்களின் நூல்களை நாட்டுடைமை ஆக்கி, வாரிசுகளுக்குப் பரிவுத்தொகை கொடுக்கிறது. நாட்டுடைமை நூல்கள் தமிழ் இணையக் கல்விக்கழகத்தின் தளத்திலும் விக்கிமூலத்திலும் கிடைக்கின்றன. இவற்றில் இருந்து எடுத்துப் பதிவிட யாரிடமும் கேட்க வேண்டாம். ஆசிரியர் பெயரைப் போடுவதுதான் மரியாதை.

செய்தியை காப்பி அடிக்கலாமா?

செய்திக்கு உரிமை கிடையாது, செய்தியை எழுதிய விதத்துக்கு உண்டு. 'மாகறல் கோயிலில் நேற்று குடமுழுக்கு நடந்தது' என்பது தகவல். அதை யார் வேண்டுமானாலும் தன் சொந்த நடையில் எழுதலாம். ஒரு நிருபர் அங்கே போய், ஆட்களிடம் பேசி, நான்கு பத்தியாகக் கோத்து எழுதியதை வரி மாறாமல் எடுத்துப் போடுவதுதான் மீறல். முதல் வரியை மட்டும் மாற்றிவிட்டு மீதியை அப்படியே வைப்பதும் அதே கணக்குதான். கருத்துக்கு உரிமை இல்லை, வெளிப்பாட்டுக்கே உரிமை என்று உச்ச நீதிமன்றம் 1978-லேயே ஆர்.ஜி. ஆனந்த் வழக்கில் தெளிவாகச் சொல்லிவிட்டது.

நீதிமன்றத் தீர்ப்புகள், அரசிதழில் வந்த அறிவிப்புகள் போன்றவற்றை மறுபதிப்பு செய்ய சட்டமே இடம் கொடுக்கிறது. ஆனா சட்ட இதழ் ஒன்று அந்தத் தீர்ப்புக்குத் தன் உழைப்பில் எழுதிச் சேர்த்த தலைப்புக் குறிப்புகளை எடுக்க முடியாது. ஈஸ்டர்ன் புக் கம்பெனி வழக்கில் 2007-ல் உச்ச நீதிமன்றம் போட்ட கோடு இது.

விமர்சனம், ஆய்வு, சொந்தப் பயன்பாடு, நடப்புச் செய்தியைச் சொல்வது ஆகியவற்றுக்காக நியாயமான அளவில் பிறர் படைப்பைப் பயன்படுத்தவும் 52-வது பிரிவில் இடம் உண்டு. எது நியாயமான அளவு? அங்கேதான் சண்டையே. கேரளாவில் தோப்பில் பாசியின் புகழ்பெற்ற நாடகத்துக்கு எதிர்நாடகம் எழுதிய சிவிக் சந்திரன் மீது வழக்கு வந்தபோது, 1996-ல் கேரள உயர் நீதிமன்றம் மூன்று விஷயங்களைப் பார்த்தது. எவ்வளவு எடுத்தார், எதற்காக எடுத்தார், இதனால் மூல நாடகத்துக்குப் போட்டி உருவாகுமா? விமர்சிக்கவே எடுத்தார் என்று பார்த்து அவர் பக்கம் சாய்ந்தது. ஒரு திரைப்படத்தை விமர்சிக்க ஒரு காட்சியைக் காட்டுவது இந்த வகையில் வரும். கோயில் பற்றிய வீடியோவை அழகாக்க இன்னொருவர் டிரோன் ஷாட்டை முழுசாகப் போடுவது வராது.

இதே கேள்விதான் 2025 மே மாதம் யூடியூபர்கள் மத்தியில் பெரிய புயலைக் கிளப்பியது. ஏஎன்ஐ செய்தி நிறுவனத்தின் சில நொடிக் காட்சிகளைப் பயன்படுத்தியதற்காக ஸ்டிரைக் கொடுத்து, அதை நீக்கப் பல லட்சம் ரூபாய் கேட்டதாக மோஹக் மங்கல் என்ற யூடியூபர் குற்றம்சாட்டினார். ஏஎன்ஐ, அவர் மீது டெல்லி உயர் நீதிமன்றத்தில் அவதூறு வழக்கு போட்டது. யூடியூப் விதிப்படி 90 நாட்களுக்குள் மூன்று ஸ்டிரைக் வாங்கினால் சேனலே போய்விடலாம். வருடக்கணக்கில் உழைத்துச் சேர்த்த சேனல் ஒருவருக்கு எவ்வளவு முக்கியம் என்று யோசித்தால், அந்தச் சில நொடிகளின் விலை புரியும்.

பட்டுக்கடைக்காரரின் தலைவலி

காஞ்சிபுரம் வட்டாரத்தில் இந்தப் பிரச்னை நேரடியாகப் பிழைப்பைத் தொடுவது பட்டுப்புடவை வியாபாரத்தில்தான். கடைக்காரரோ நெசவாளரோ புடவையை விரித்து, ஜரிகை தெரியும்படி, முந்தானையைத் தனியாகக் காட்டி, வெளிச்சம் பார்த்துப் படம் எடுத்து இன்ஸ்டாவில் போடுகிறார். அடுத்த நாள் அதே படம் நாலு ரீசெல்லர் குரூப்பில் பாதி விலையில் ஓடுகிறது. வாங்கியவருக்கு வந்து சேருவது விசைத்தறிப் புடவை.

இங்கே மூன்று உரிமைகள் ஒன்றன்மேல் ஒன்றாக இருக்கின்றன, மூன்றையும் குழப்பிக்கொள்ளக் கூடாது. படம் எடுத்தவருக்குப் படத்தின் பதிப்புரிமை. அனுமதி இல்லாமல் எடுத்துப்போட்ட ரீசெல்லர் மீது அதை வைத்தே நடவடிக்கை எடுக்கலாம். இரண்டாவது, புடவையின் டிசைன். இதில் நெசவாளர்களுக்குச் சட்டம் கொஞ்சம் கடுமைதான். வடிவமைப்புச் சட்டத்தில் பதிவு செய்யத் தகுதியுள்ள டிசைனைப் பதிவு செய்யாமல் விட்டுவிட்டு, 50 தடவைக்கு மேல் தொழில்முறையில் உற்பத்தி செய்தால் அதன் பதிப்புரிமை முடிந்துவிடும். பதிவு செய்தால் 10 ஆண்டு பாதுகாப்பு, மேலும் 5 ஆண்டு நீட்டிக்கலாம். ஆனா டிசைனை வெளியிடுவதற்கு முன்பே விண்ணப்பித்திருக்க வேண்டும். இன்ஸ்டாவில் போட்ட பிறகு ஓடினால் பெரும்பாலும் லேட். மூன்றாவது, காஞ்சிபுரம் பட்டு என்ற பெயர். அதற்கு 2005-06-ம் ஆண்டிலேயே புவிசார் குறியீடு கிடைத்துவிட்டது. விசைத்தறிப் புடவையை அந்தப் பெயரில் விற்பது தனிக் குற்றம்.

ஏமாந்து வாங்கியவர் பதிப்புரிமைச் சட்டத்தைத் தேடிப் போக வேண்டியதில்லை. காட்டியது ஒன்று, கொடுத்தது ஒன்று என்றால் தேசிய நுகர்வோர் உதவி எண் 1915. பணம் வாங்கிக்கொண்டு ஆளே காணாமல் போனால் சைபர் குற்ற உதவி எண் 1930.

அனுமதி கேட்பது எப்படி?

நினைப்பதை விட சுலபம். பெரும்பாலான ஆட்கள், குறிப்பாக கோயில் கோயிலாகப் போய்ப் படமெடுத்து எழுதுபவர்கள், கேட்டால் சந்தோஷமாகக் கொடுக்கிறார்கள். கேட்காமல் எடுத்ததுதான் அவர்களுக்கு வலி. வாட்ஸ்அப்பிலோ மெயிலிலோ இப்படி ஒரு செய்தி போதும்:

'வணக்கம் சார். நீங்க எடுத்த மாகறல் கோயில் கோபுரப் படத்தைப் பார்த்தோம். எங்க யூடியூப் சேனல்ல வரப்போற ஒரு வீடியோல அதைப் பயன்படுத்த அனுமதி வேணும். வீடியோலயும் கீழே விவரத்துலயும் உங்க பெயர் போடுவோம். விளம்பர வருமானம் வர்ற சேனல் இது. கட்டணம் இருந்தா சொல்லுங்க.'

எந்தப் படம், எங்கே, எதற்கு, எவ்வளவு காலம், காசு வருமா வராதா என எல்லாம் அதில் இருக்க வேண்டும். வாய்மொழியாக 'எடுத்துக்கோங்க' என்று சொன்னால் போதாது. எழுத்தில் பதில் வாங்கி, ஸ்கிரீன்ஷாட் எடுத்து வையுங்கள். எத்தனை ஆண்டு என்று குறிப்பிடாவிட்டால் சட்டம் அதை 5 ஆண்டு என்றும், எந்த இடம் என்று சொல்லாவிட்டால் இந்தியாவுக்குள் என்றும் எடுத்துக்கொள்ளும். பதில் வராவிட்டால்? மௌனம் சம்மதம் என்பது கல்யாணப் பேச்சுக்கு வேண்டுமானால் பொருந்தும், இங்கே பொருந்தாது.

கேட்கவே வேண்டாத படங்களும் ஏராளம். விக்கிமீடியா காமன்ஸில் தமிழகக் கோயில்களின் படங்கள் நிறைய இருக்கின்றன. பெரும்பாலும் கிரியேட்டிவ் காமன்ஸ் உரிமத்தில் இருப்பவை. காசு கட்ட வேண்டாம், ஆனா நிபந்தனை உண்டு. எடுத்தவர் பெயர், உரிமத்தின் பெயர், அதற்கான லிங்க், படத்தை வெட்டியோ மாற்றியோ இருந்தால் அந்தக் குறிப்பு, இத்தனையும் போட வேண்டும். 'விக்கிபீடியா' என்று மட்டும் போட்டால் நிபந்தனை நிறைவேறாது. உரிமத்தில் என்.சி என்று இருந்தால் வணிக நோக்கம் கூடாது, என்.டி என்றால் மாற்றக் கூடாது, எஸ்.ஏ என்றால் நீங்கள் உருவாக்குவதையும் அதே உரிமத்தில் வெளியிட வேண்டும். கூகுள் படத் தேடலிலேயே 'பயன்பாட்டு உரிமைகள்' என்ற வடிகட்டி இருக்கிறது. அதைத் தட்டினால் இந்த வகைப் படங்கள் மட்டும் வரும். காசு கொடுத்துப் படம் வாங்கும் தளங்களில் 'ராயல்டி ஃப்ரீ' என்று இருப்பதை இலவசம் என்று நினைத்துவிடக் கூடாது. ஒருமுறை பணம் கட்டினால் ஒவ்வொரு பயன்பாட்டுக்கும் தனியாகக் கட்ட வேண்டாம் என்பதுதான் அதற்கு அர்த்தம்.

மாட்டினால் என்ன ஆகும்?

தெரிந்தே மீறினால் 63-வது பிரிவின்படி 6 மாதம் முதல் 3 ஆண்டு வரை சிறை, 50 ஆயிரம் முதல் 2 லட்சம் ரூபாய் வரை அபராதம். வணிக லாபத்துக்காகச் செய்யவில்லை என்றால் நீதிமன்றம் தண்டனையைக் குறைக்கலாம். இது போலீஸ் நேரடியாக வழக்குப் பதிந்து கைது செய்யக்கூடிய, ஜாமீனில் வெளிவர முடியாத குற்றம் என்று 2022 மே மாதம் உச்ச நீதிமன்றம் நிட் ப்ரோ வழக்கில் உறுதி செய்தது. அடுத்தவர் படத்தில் இருக்கும் உரிமை விவரங்களைத் தெரிந்தே அழிப்பதற்கு 65பி பிரிவில் 2 ஆண்டு வரை சிறை என்று தனியாக இருக்கிறது. வாட்டர்மார்க்கை வெட்டிவிட்டுத் தன் சேனல் லோகோவை ஒட்டுபவர்கள் இதை ஒருமுறை படிப்பது நல்லது.

விவகாரம் எவ்வளவு தூரம் போகும் என்பதற்கு 'எந்திரன்' ஒரு உதாரணம். 1996-ல் 'இனிய உதயம்' இதழில் வந்த தன் 'ஜூகிபா' கதையை எடுத்துவிட்டார்கள் என்று எழுத்தாளர் ஆரூர் தமிழ்நாடன் புகார் சொன்னார். அந்தப் புகாரை அடிப்படையாக வைத்து 2025 பிப்ரவரியில் இயக்குநர் ஷங்கரின் 10.11 கோடி ரூபாய் சொத்துக்களை அமலாக்கத்துறை முடக்கியது. மார்ச் மாதமே சென்னை உயர் நீதிமன்றம் அதற்கு இடைக்காலத் தடை விதித்தது.

உங்கள் படத்தை இன்னொருவர் எடுத்திருந்தால்

முதலில் கோபத்தில் கமென்ட் போடாதீர்கள். போட்டால் அவர் பதிவை நீக்கிவிடுவார், ஆதாரமும் போய்விடும். லிங்க், தேதி தெரியும்படி ஸ்கிரீன்ஷாட் எடுங்கள். போனில் இருக்கும் ஒரிஜினல் ஃபைலை அழிக்காமல் வையுங்கள். எடுத்த நாள், நேரம், எந்த போன் என்ற விவரம் அதற்குள்ளேயே பதிந்திருக்கும். வாட்ஸ்அப்பில் அனுப்பிய பிரதியில் பெரும்பாலும் அது இருக்காது.

பிறகு சம்பந்தப்பட்டவருக்கு ஒரு செய்தி அனுப்பிப் பாருங்கள். பல விஷயங்கள் அங்கேயே முடிந்துவிடும். முடியாவிட்டால் ஃபேஸ்புக், இன்ஸ்டா, யூடியூப் எல்லாவற்றிலும் காப்புரிமைப் புகார் படிவம் இருக்கிறது. 2013 பதிப்புரிமை விதிகளின்படி முறையாக எழுத்தில் புகார் கொடுத்தால், அந்தத் தளம் திருப்தி அடைந்த பட்சத்தில் 36 மணி நேரத்துக்குள் அந்தப் பதிவை முடக்க வேண்டும். 21 நாட்களுக்குள் கோர்ட் உத்தரவு கொண்டுவராவிட்டால் பதிவு திரும்ப வந்துவிடலாம் என்பதையும் ஞாபகம் வைத்துக்கொள்ளுங்கள்.

கோர்ட் என்றதும் எதிராளி டெல்லியில் இருந்தால் டெல்லிக்கு அலைய வேண்டுமோ என்று பலர் விட்டுவிடுகிறார்கள். தேவையில்லை. உரிமையாளர் தான் குடியிருக்கும் அல்லது தொழில் செய்யும் எல்லைக்குட்பட்ட மாவட்ட நீதிமன்றத்திலேயே வழக்குப் போட 62-வது பிரிவு இடம் கொடுக்கிறது. தடை உத்தரவு, நஷ்டஈடு, அந்தப் படத்தால் எதிராளி சம்பாதித்ததில் கணக்கு, எல்லாமே கேட்கலாம்.

எதிர்ப்பக்கமும் ஒரு பாதுகாப்பு உண்டு. உரிமையே இல்லாத ஒருவர் 'கேஸ் போடுவேன்' என்று சும்மா மிரட்டிக் காசு பறிக்கப் பார்த்தால், மிரட்டப்பட்டவரே 60-வது பிரிவின் கீழ் நீதிமன்றம் போய் அந்த மிரட்டலுக்குத் தடையும் நஷ்டஈடும் வாங்க முடியும். யூடியூபில் தவறாக ஸ்டிரைக் வந்தால், ஏன் அது தவறு என்று விளக்கி எதிர் அறிவிக்கை அனுப்பும் வசதி சேனலின் ஸ்டூடியோ பக்கத்திலேயே இருக்கிறது.